பத்து எண்ணும் வரை

அந்த நாற்காலி வேண்டாம் தம்பி, அதற்கு ஒரு கால் குட்டை. குழந்தையோடு உட்கார்ந்தால் ஆடும். இப்படி வாருங்கள், என் பக்கத்தில். கலியமூர்த்தி பையை நகர்த்துகிறார். கலியமூர்த்தி குடையைக் கீழே வைக்கிறார்.

பயப்படாதீர்கள். கலியமூர்த்தி நான்தான். இது ஒரு பழக்கம். உள்ளே இருக்கிறாரே ஜெசிந்தா மேடம், அவர் சொல்லிக்கொடுத்து வந்த பழக்கம். உங்களுக்கும் சொல்லிக்கொடுப்பார். டாக்டர் என்று மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள், "நான் பேச்சுப் பயிற்சியாளர்" என்று திருத்துவார்.

முதல் தடவையா? பையனுக்கு என்ன வயது? இரண்டு முடிந்து ஒரு மாதமா. ஒரு சொல்கூட இல்லையா. 'ப்பா' என்றுகூட இல்லையா. சரி. முகத்தைத் தொங்கப் போடாதீர்கள். இந்த வராண்டாவுக்கு முதல் நாள் வருகிற எல்லாரும் இதே முகத்தோடுதான் வருகிறார்கள். நானும் வந்தேன். இப்போது ஒன்பதாம் டோக்கன் போயிருக்கிறது. நான் பதினாலு, நீங்கள் பதினைந்து. நேரம் இருக்கிறது.

என்னோடு குழந்தை வரவில்லை. டோக்கன் கொடுக்கிற பெண்ணும் இதைத்தான் கேட்டது, "பேஷண்ட் எங்க சார்?" என்று. பேஷண்ட் பூனாவில் இருக்கிறார். பேரன் இல்லை. பேரன் நன்றாகப் பேசுகிறான், நிறுத்தாமல் பேசுகிறான். அவன் பாட்டிதான் பேசுவதில்லை. என் மனைவி. வயது ஐம்பத்து மூன்று. ஐந்து மாதமாக என்னோடு பேசவில்லை. அதற்குத்தான் வந்திருக்கிறேன். படிவத்தில் 'குழந்தையின் பெயர்' என்ற இடத்தில் மங்கையர்க்கரசி என்று எழுதினேன். 'பேச்சு நின்றது எப்போது' என்ற இடத்தில் தேதி, கிழமை, காலை ஏழே முக்கால் என்பது வரை எழுதினேன். அந்தப் பெண் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தது. எனக்குக் கூச்சமாக இல்லை. பேசாதவர்களைப் பேச வைக்கிற இடம் இது. அவளைப் பேச வைக்க வேண்டும். வேறு எங்கே போவேன்?

நடந்ததைச் சொல்கிறேன், தப்பு என்னிடமா என்று நீங்களே சொல்லுங்கள். நான் யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன்.

எனக்கு ஒரே பெண், எழிலரசி. பூனாவில் கம்ப்யூட்டர் வேலை. மாப்பிள்ளைக்கும் அதே. பேரனுக்கு க்ரித்விக் என்று பெயர் வைத்தார்கள். மங்கை ஒரு தடவை அதைச் சொல்லிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவன் கிட்டு. இரண்டே கால் வயது வரை அவன் வாயில் ஒரு சொல் வரவில்லை. எழிலுக்கு அலுவலகத்தில் ஐந்து மாதம் ஒரு பயிற்சி, அது முடிந்தால் பெரிய பதவி. மாசி மாதம் குழந்தையைக் கும்பகோணத்துக்குக் கொண்டுவந்து எங்களிடம் விட்டாள்.

"ஆடி பொறக்கறதுக்குள்ள பத்து வார்த்தையாவது பேசணும்ப்பா. இல்லன்னா நான் வேலைய விட்டுடுவேன். போனைக் குடுத்துக் கெடுத்துட்டேன்னு அங்க தினம் பேச்சு வாங்கறேன்."

வாசலில் செருப்பு மாட்டும்போது இன்னொன்றும் சொன்னாள்.

"ஆனா இந்த வீட்ல விட்டுட்டுப் போறேனே, இங்க எங்க பேச்சு வரும்? அப்பா, நீங்க ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை பேசுவீங்க?"

"எண்ணினதில்ல."

"அம்மா எண்ணியிருக்காங்க. பதினொண்ணு."

பதினொன்று! அதிலும் இரண்டு வெறும் 'ம்'. அது சொல்லா இல்லையா என்று எனக்கு இன்னும் சந்தேகம். ஒருத்தி இன்னொருத்தர் பேசுவதை உட்கார்ந்து எண்ணுவாளா தம்பி? அவள் வேலை வெட்டி இல்லாதவளும் இல்லை. அதை எதற்கு எண்ணினாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.

நான் பேசாத ஆள்தான். கோபம் கிடையாது, திமிர் கிடையாது. ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். எந்த அலுவலகம் என்பது வேண்டாம், காரணம் பின்னால் வரும். சொல்ல வேண்டியதைக் கோப்பில் எழுதுகிறேன். எழுதுகிறவன் எதற்குப் பேச வேண்டும்? சில சமயம் யோசிப்பேன். சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லையா, இருந்து சொல்லத் தெரியவில்லையா என்று. அப்படி யோசிப்பதையும் யாரிடமும் சொன்னதில்லை.

இங்கே வந்தோம். மேடம் கிட்டுவோடு அரை மணி நேரம் விளையாடிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மங்கை பேசுகிற ஆள்தான், ஆனால் மேடம் ஏனோ என்னைத்தான் பார்த்தார். மூன்று விதி சொன்னார். நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

நீங்கள் செய்வதையெல்லாம் குழந்தை முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அது முதல் விதி. 'நான்' என்று சொல்லக் கூடாது, 'தாத்தா' என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நானும் நான், நீங்களும் நான், குழந்தை குழம்பும். அது இரண்டு. ஒரு கேள்வி கேட்டால் நாமே பதில் சொல்லிவிடக் கூடாது, குழந்தையின் முகத்தைப் பார்த்தபடி பத்து எண்ணும் வரை காத்திருக்க வேண்டும். அது மூன்று.

"மூணையும் விடாம செய்ங்க சார்."

செய்தேன் தம்பி. முப்பத்திரண்டு வருடமாக வருகிற உத்தரவையெல்லாம் வரி பிசகாமல் நிறைவேற்றுகிறவன் நான்.

முதல் நாள் காலையிலேயே மாட்டிக்கொண்டேன். டம்ளரைக் கையில் எடுத்து, கிட்டுவைப் பார்த்து, "தாத்தா காபி குடிக்கி..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் போகவில்லை. குடிக்கிறேன் என்று முடித்தால் தாத்தாவோடு ஒட்டாது. குடிக்கிறான் என்று சொன்னால் பிள்ளை நாளைக்கு ஊரில் இருக்கிற பெரியவர்களையெல்லாம் அவன் இவன் என்று பேசும். குடிக்கிறார் என்று சொன்னால் என்னை நானே மரியாதையாகச் சொல்லிக்கொண்டதாக ஆகும். காபி ஆறிப்போனது. கடைசியில், "குடிக்கிறார்" என்றேன்.

"உங்களுக்கு நீங்களே மாலை போட்டுக்கறீங்களா?" என்றாள் மங்கை.

"மரியாதை எனக்கில்ல. தாத்தாங்கிற பதவிக்கு."

பிறகு, மற்றவர்கள் செய்வதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது என்று மேடம் சொல்லியிருந்ததால், "பாட்டி தோசை சுடுறா" என்றேன்.

கரண்டி அப்படியே நின்றது.

"தாத்தா குடிக்கிறாரு. பாட்டி சுடுறாளா?"

எனக்கு அது படவே இல்லை தம்பி. சத்தியமாக யோசித்துச் சொன்னதில்லை. யோசித்துச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லையோ என்று பிற்பாடு தோன்றியது. உடனே திருத்தினேன். "பாட்டி தோசை சுடுறாங்க." முப்பத்து மூன்று வருடத்தில் அவளுக்கு நான் வைத்த முதல் 'ங்க' அது. அவள் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். தோசை தீய்ந்தது. "பாட்டி தோசையைத் தீய விடறாங்க" என்றும் சொன்னேன். விதி விதிதானே.

கலியமூர்த்தி கண்ணாடியைத் துடைக்கிறார். கண்டுகொள்ளாதீர்கள்.

அதற்கு அப்புறம்தான் பெரிய சிக்கல். செய்வதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தால்தான் தெரிகிறது, மனிதன் ஒரு நாளில் எவ்வளவு கொஞ்சமாகச் செய்கிறான் என்று. காலை எட்டு மணிக்குள் எனக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது. பல் தேய்த்தார், குளித்தார், சாப்பிட்டார். அப்புறம்? பிள்ளை என் வாயையே பார்க்கிறது. அதற்காகவே காரியம் செய்ய ஆரம்பித்தேன். தாத்தா கதவைத் திறக்கிறார். தாத்தா கதவைச் சாத்துகிறார். சட்டையை மூன்று தடவை போட்டுக் கழற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பீரோவை வடக்குச் சுவரிலிருந்து தெற்குச் சுவருக்கு நகர்த்தி, மத்தியானம் திரும்ப வடக்கே கொண்டுபோய் வைத்தேன். எதிர்வீட்டுக்காரர் சாமிக்கண்ணு எட்டிப் பார்த்து, "வீடு மாத்தறீங்களா?" என்று கேட்டார். "தாத்தா மூச்சு வாங்கறார்" என்றேன். அவர் போய்விட்டார்.

உடம்பு அசைவுகள் தீர்ந்ததும் உள்ளே இருப்பது வந்தது. "தாத்தா யோசிக்கிறார்." என்ன யோசிக்கிறார்? "தாத்தாவுக்குத் தெரியல." கிட்டு கை தட்டினான். நான் டிவியைவிட நன்றாக இருந்தேன் என்று நினைக்கிறேன். ஆனால் அவன் வாயைத் திறக்கவில்லை.

அலுவலகத்திலும் இது வந்துவிட்டது. வீட்டில் நாள் முழுவதும் ஓடுகிற வாய் அலுவலக வாசலில் நின்றுவிடுமா? "கண்காணிப்பாளர் கையெழுத்துப் போடுகிறார். கண்காணிப்பாளர் எழுத்துப்பிழை பார்க்கிறார்." முதலில் சிரித்தார்கள். பிறகு மூன்றாம் விதியும் சேர்ந்துகொண்டது. உதவியாளர் பழனிவேல் பதினொன்றரைக்கு வந்தான். "ஏம்ப்பா லேட்?" என்று கேட்டு அவன் முகத்தைப் பார்த்தபடி எண்ண ஆரம்பித்தேன். வாய்விட்டுத்தான் எண்ணினேன். ஏன் என்று கேளுங்கள். எண்ணுவதும் நான் செய்கிற காரியம்தானே? முதல் விதிப்படி அதையும் வாய்விட்டுத்தானே சொல்ல வேண்டும்? 'மனசுக்குள்ள எண்ணுங்க' என்று சொன்னதாக மேடம் இப்போது சொல்கிறார். என் குறிப்பேட்டில் அது இல்லை. என் காதிலும் அது விழவில்லை.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

ஆறு சொல்லும்போது பழனிவேல் கையெடுத்துக் கும்பிட்டான். "சார், சித்திரையில செத்துப்போனதா லீவு எடுத்தேனே, எங்க மாமியார், அவங்க உசிரோடதான் இருக்காங்க சார். அதுக்கு முந்தின தடவையும்."

நான் கேட்டது அன்றைய தாமதத்தைப் பற்றி மட்டும். ஒரு வாரத்துக்குள் அந்தப் பிரிவில் ஆறு பேர் என்னிடம் ஆறு விதமான உண்மையைச் சொல்லிவிட்டார்கள். எனக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. எட்டுக்கு மேல் யாருமே தாங்கவில்லை தம்பி. பத்து வரை போக வேண்டிய அவசியமே வரவில்லை. மாதாந்திரக் கூட்டத்தில் மேலதிகாரி பேசிக்கொண்டிருக்கும்போது, "கண்காணிப்பாளருக்குக் கொட்டாவி வருகிறது, அடக்குகிறார்" என்றேன். விளக்கம் கேட்டு குறிப்பாணை வந்தது. 'மேற்படி கண்காணிப்பாளர் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறார்' என்று பதில் எழுதினேன். அதில் யாரும் ஒரு குறையும் காணவில்லை. அரசாங்கக் கடிதத்தில் எல்லாரும் அப்படித்தானே பேசுகிறோம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பையனைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள், தூங்குகிறான்.

வைகாசி கடைசி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி. ஆடி பிறக்க ஒரு மாதம்தான் இருந்தது. கிட்டு கணக்கில் சுழியம். மங்கை சமையற்கட்டில் குழம்புப் பொடிக்கு வறுத்துக்கொண்டிருந்தாள். கிட்டு தரையில் உட்கார்ந்து ஒரு டப்பா மூடியை உருட்டிக்கொண்டிருந்தான். நான் நிலைப்படியில் நின்றபடி என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாட்டி மிளகாய் வறுக்கறாங்க. பாட்டி தும்மறாங்க. பாட்டி வாணலியைச் சத்தமா வைக்கறாங்க."

"ஏன் சத்தமா வைக்கறாங்கன்னும் சொல்லுங்களேன், உங்க பேரன்கிட்ட."

அது எனக்குத் தெரியாது. தெரியாததைக் கேட்கத்தானே மூன்றாம் விதி. "ஏன் பாட்டி சத்தமா வைக்கறாங்க?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். எண்ணினேன்.

"ஒண்ணு... ரெண்டு..."

அவள் அடுப்பை அணைத்தாள். என்னை நேராகப் பார்த்தாள். அவள் முகத்தை அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல நான் பார்த்ததில்லை. இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது தம்பி. அது எப்போது வந்தது?

"...ஆறு... ஏழு."

"எழிலும் மூணு வயசு வரைக்கும் பேசல. தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. அதே வீட்டில்தான் இருந்தேன். அமைதியான குழந்தை, என்னைப் போல, என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

"ஊமையான்னு தெருவே கேட்டுச்சு. உங்க அக்கா என் முகத்துக்கு நேரா கேட்டாங்க. நீங்க அப்ப பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தீங்க. அவ பேசாம இருந்தாளே அந்த ஒன்றரை வருஷம், நான்..."

"எட்டு."

யார் சொன்னது என்று எனக்கு ஒரு கணம் புரியவில்லை. தரையிலிருந்து வந்தது. திரும்பினேன். டப்பா மூடியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு என்னைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். "எட்டு" என்றான் மறுபடியும். நான் ஏழில் நிறுத்திவிட்டேன், அது அவனுக்குப் பொறுக்கவில்லை. "ஒம்போது. பத்து."

அப்படியே அள்ளித் தூக்கினேன். பின்னால் மங்கை, தான் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தாள் போலிருக்கிறது. கடைசிச் சொல் மட்டும் காதில் விழுந்தது. பொடிக்கு ஏதோ குறைகிறது என்கிறாள் என்று மனதில் போட்டுக்கொண்டேன். குழந்தையோடு தெருவுக்கு ஓடினேன். சாமிக்கண்ணுவைக் கூப்பிட்டு, "எட்டு சொல்லிட்டான்!" என்றேன். அவர் மணி பார்த்தார்.

அன்றைக்கு மங்கையும் சிரித்தாள், கிட்டுவைக் கொஞ்சினாள், திருஷ்டி சுற்றிப் போட்டாள். இல்லை என்று சொல்லமாட்டேன். எழிலுக்குப் போனில் காட்டினோம். எழில் போனில் அழுதுகொண்டே, "கண்ணா, உன் பேரு என்ன?" என்று கேட்டாள். கிட்டு அவள் முகத்தை உற்றுப் பார்த்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று பத்து வரை சொன்னான். அம்மா எங்கே? ஒண்ணு, ரெண்டு. மம்மு வேணுமா? ஒண்ணு, ரெண்டு. கேள்வி என்று ஒன்று வந்தால் அதற்குப் பதில் பத்து வரை எண்ணுவதுதான் என்று பிள்ளை தீர்மானம் செய்திருக்கிறது. அவன் பார்த்த வரையில் இந்த உலகத்தில் அப்படித்தானே நடந்தது?

ஆனால் பத்து சொல் வந்துவிட்டதா இல்லையா? எழில் கேட்டது பத்து சொல். சரியாகப் பத்து. மேடத்திடம் கணக்கைக் காட்டினேன். மேடம் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். "மனசுக்குள்ள சார், மனசுக்குள்ள!" என்றார். ஆனால் கெட்டிக்காரர், இரண்டே வாரத்தில் அதைச் சரிசெய்துவிட்டார். அதன் பிறகு அடைத்திருந்த குழாய் திறந்த மாதிரி. "கிட்டு சாப்பிடறார். கிட்டு வெளிய போறார். கிட்டு உச்சா போயிட்டார்." தன்னைத்தானே மரியாதையாகச் சொல்லிக்கொள்கிற ஒரே குழந்தை இந்த மாவட்டத்தில் அவனாகத்தான் இருக்கும். ஆடியில் எழில் வந்தாள். வேலையை விடவில்லை. பதவியும் கிடைத்தது. கிட்டுவை அழைத்துக்கொண்டு போனாள், உதவிக்கு ஒரு மாதம் என்று மங்கையும் கூடப் போனாள். ஆடி, ஆவணி, புரட்டாசி, இப்போது ஐப்பசி மழையும் வந்துவிட்டது.

தினமும் போன் செய்கிறேன். கேள்வி கேட்டுவிட்டு எண்ணுகிறேன், இப்போது மனசுக்குள்தான். அவள் பேசுவதை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன், கிட்டுவுக்கு மேடம் கொடுத்தாரே, தேதி, சொல், சூழல் என்று கட்டம் போட்ட தாள், அதிலேயே. கலியமூர்த்தி தாளை எடுக்கிறார். பாருங்கள். 'ம்', அறுபத்தோரு தடவை. 'சரி', பத்தொன்பது. 'வச்சுடறேன்', நாற்பதுக்கு மேல். போன மாதம் ஒரு முழு வாக்கியம் வந்தது, 'கிட்டு தூங்கறான்' என்று. சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். அதற்கு அப்புறம் முன்னேற்றம் இல்லை. நேற்று இருநூறு வரை எண்ணினேன். அந்தப் பக்கம் குக்கர் சத்தம் கேட்டது, அவள் மூச்சு கேட்டது. அவ்வளவுதான். இரண்டு வயதுக்குப் பத்து என்றால் ஐம்பத்து மூன்று வயதுக்கு எவ்வளவு எண்ண வேண்டும்? இதைத்தான் மேடத்திடம் கேட்கப் போகிறேன். நானே வகுத்துப் பெருக்கிப் பார்த்ததில் இருநூற்று அறுபத்தைந்து வருகிறது. ஆனால் இது கணக்கா என்று தெரியவில்லை.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாம் நன்றாகத்தான் முடிந்தது. மறுநாள் காலை நானே கடைக்குப் போய், அவள் கேட்ட சாமானை வாங்கிக்கொண்டு வந்து மேடையில் வைத்தேன். ஏழே முக்கால் மணி. முப்பத்து மூன்று வருடத்தில் அவள் இரண்டாம் தடவை கேட்பதற்கு முன்னால் நான் வாங்கிவந்த முதல் சாமான் அது. அவள் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சிரித்தாள். சிரிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன், ஆனால் அது நிற்க ரொம்ப நேரம் ஆயிற்று. கிட்டுகூட, "ஒண்ணு..." என்று ஆரம்பித்துவிட்டு மேலே எண்ணாமல் நின்றான். அதோடு சரி. அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

என்ன சாமானா? தனியா. அரைக் கிலோ.

தனியா தம்பி. குழம்புப் பொடிக்குப் போடுவார்களே. ரசத்துக்குக்கூட. ஏன் முழிக்கிறீர்கள்? ஆமாம், மல்லி. மல்லிதான். உருண்டை உருண்டையாக. உங்களுக்கு எந்த ஊர்? மதுரைக்கு அந்தப் பக்கமா. சாத்தூரா. அங்கே தனியா என்று சொல்லமாட்டீர்களா? மல்லி என்று மட்டும்தானா?

அப்படியென்றால் தனியா என்று ஒருவர் சொன்னால் உங்களுக்கு என்ன தோன்றும்?

ம்.

இல்லை, இருங்கள். எங்கள் வீட்டில் அதற்குத் தனியா என்றுதான் பெயர். என் அம்மா அப்படித்தான் சொல்வார்கள். நானும் அப்படித்தான். மங்கை... மங்கைக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம். அலமாரியில் வரிசையாக டப்பா இருக்கிறது. அவள் கையெழுத்தில் ஒட்டியிருக்கிறது. கடுகு. மிளகு. சீரகம். மல்லி.

மல்லி என்றுதான் எழுதியிருக்கிறாள். நான் தினமும் பார்க்கிறேன். கண்ணுக்கு நேராக இருக்கிறது.

அந்த ஒன்றரை வருஷம், நான், என்றாள். கிட்டு எட்டு என்றான். நான் திரும்பினேன். அவள் அதற்கு அப்புறம் சொன்னது...

இல்லை தம்பி, தண்ணீர் வேண்டாம். குழந்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் இல்லை.

அரைக் கிலோ வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். நல்ல சரக்காகப் பார்த்து, கையில் தேய்த்து மோந்து பார்த்து.

பதினாலா? என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நீங்கள் போங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன், இந்தாருங்கள், என் டோக்கனையும் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு மேடத்திடம் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. எங்கே அந்த மனுஷர் என்று கேட்டால் பூனாவுக்குப் போய்விட்டார் என்று சொல்லுங்கள். சென்னை போய் வண்டி மாற வேண்டும், ஒன்றரை நாள் ஆகும். போனில் முடியாது. போனில் அவள் எனக்கு முகத்தைக் காட்டமாட்டாள்.

போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஒன்றும் சொல்லக் கூடாது என்றுதான் தோன்றுகிறது. கேள்வி கேட்கக் கூடாது. எண்ணவும் கூடாது. அவள் எதிரில் போய் உட்கார வேண்டும், அவள் 'நான்' என்று மறுபடி ஆரம்பிக்கிற வரைக்கும். அன்றைக்கே ஆரம்பிக்கிறாளோ, தை பிறந்துதான் ஆரம்பிக்கிறாளோ. நடுவில் கிட்டு ஏதாவது சொல்வான். சொல்லாமல் இருக்கமாட்டான், இப்போதெல்லாம் பாட்டுகூடப் பாடுகிறானாம். சொல்லட்டும். அவன் என்ன சொன்னாலும் நான் திரும்பக் கூடாது.